செஞ்சிக் கோட்டை: எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய அரண் ஓர் இரவில் வீழ்ந்தது ஏன்?

2025 ஜூலை 11 அன்று, பாரிஸில் கூடிய உலக மரபுக் குழுவின் 47ஆவது அமர்வு, ‘இந்தியாவின் மராத்திய இராணுவ நிலவமைப்புகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய ஒன்று விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. அறிவிப்பு வெளியானதுமே இரண்டு கேள்விகள் எழுந்தன. கோனார் குலத்தவர் தொடங்கி நாயக்கர் விரிவாக்கியதாகப் படித்த கோட்டை மராத்தியர் பெயரில் பட்டியலுக்குள் போனது எப்படி? இந்தச் சேர்க்கையால் நடைமுறையில் மாறப்போவது என்ன?

இவ்விரண்டுக்கும் விடை கோட்டையின் அமைப்பிலேயே இருக்கிறது. மூன்று மலைகளை ஒரே மதிலால் பிணைத்த இந்த அரண், 1690 முதல் 1698 வரை ஔரங்கசீப்பின் பெரும்படையைத் தடுத்து நிறுத்தியது. அதே அரண் 1750இல் ஒரே இரவில் பிரெஞ்சுக்காரரின் கைக்குப் போனது. இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் செஞ்சி எத்தகைய கோட்டை என்பது புரியும்.

பட்டியலில் சேர்ந்தது எது?

யுனெஸ்கோவின் நடைமுறையில் ‘தொடர் சொத்து’ என்றொரு வகை உண்டு. ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தாலும் ஒரே வரலாற்றுக் காரணத்தால் பிணைந்த பல இடங்களை ஒரே பதிவாகச் சேர்ப்பது அது. தஞ்சைப் பெரிய கோயிலும் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் ஒரே பதிவின் கீழ் இருப்பதும் அவ்வகையில்தான். மராத்தியப் பதிவில் சால்ஹேர், சிவ்னேரி, லோகட், கந்தேரி, ராய்கட், ராஜ்கட், பிரதாப்கட், சுவர்ணதுர்க், பன்ஹாளா, விஜயதுர்க், சிந்துதுர்க், செஞ்சி ஆகிய பன்னிரண்டும் ஒரு தொகுப்பு. மலையுச்சி, காடடர்ந்த மலை, பீடபூமி, கடற்கரை, கடலுக்குள் இருக்கும் தீவு எனப் பலவகை நிலங்களை ஒரே அரசு தன் பாதுகாப்பு வலைக்குள் கொண்டுவந்தது என்பதே இப்பதிவின் வாதம்.

தலைப்பில் உள்ள ‘நிலவமைப்பு’ என்பதன் பொருளும் இதுதான். ஒவ்வொரு கோட்டையையும் முதலில் கட்டியவர் யார் என்பதைப் பதிவு தீர்மானிக்கவில்லை. பன்னிரண்டும் சேர்ந்து இயங்கிய காலத்தை எடுத்துக்கொள்கிறது. பன்ஹாளா, மராத்தியருக்கு முன் அப்பகுதியை ஆண்ட சிலாகாரர் காலத்துக் கோட்டை. அதுவும் இதே பட்டியலில்தான் இருக்கிறது. ஆகவே, செஞ்சியின் முந்தைய வரலாறு மறுக்கப்பட்டுவிட்டது என்று சொல்வது சரியாகாது. தலைப்பை மட்டும் வாசிப்பவர் மனத்தில் அந்த வரலாறு மங்கிப்போகும் என்ற கவலையிலோ நியாயம் உண்டு.

மூன்று மலை, ஒரு மதில்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், சமவெளியின் நடுவே உருண்டைப் பாறைகளை அள்ளிக் குவித்தது போன்ற குன்றுகள் எழுகின்றன. மேற்கில் ராஜகிரி, வடக்கில் கிருஷ்ணகிரி, தென்கிழக்கில் சந்திரகிரி என மூன்று மலைகள் ஏறத்தாழ ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே மதிலும் வாயிலும் உடைய கோட்டை. மூன்றையும் இணைத்துச் சமவெளியில் ஓடும் வெளிமதிலையும் சேர்த்துக் கணக்கிட்டால் மதில்களின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். அவை சூழ்ந்த பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர்.

வெளிமதிலில் இரு முகங்களிலும் வெட்டுக்கல் அடுக்கி, நடுவே மண்ணும் கல்லும் இட்டு நிரப்பியிருக்கிறார்கள். சில இடங்களில் அதன் கனம் சுமார் 18 மீட்டர் என்று பழைய மாவட்ட விவரச் சுவடிகள் (கெசட்டியர்) கூறுகின்றன. அதற்கு வெளியே சுமார் 24 மீட்டர் அகல அகழி. இவ்வளவு கனம் வீண் செலவாகத் தோன்றலாம். ஆனால் பீரங்கிக் குண்டு தாக்கும்போது முழுக்கல் சுவர் பிளந்து சரியும்; மண் நிரப்பிய சுவர் அதிர்ச்சியைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். மலைச்சரிவில் மதிலின் இயல்பே மாறிவிடுகிறது. அங்கே பெரும்பாறைகளே மதிலின் உறுப்புகளாகி, இரு பாறைகளுக்கு இடைப்பட்ட இடைவெளியை மட்டும் கல்லால் அடைத்திருக்கிறார்கள். எது இயற்கை, எது கட்டடம் என்று தொலைவிலிருந்து பிரித்தறிய முடியாத இந்த உத்திதான், என் கணிப்பில், செஞ்சிக் கட்டடக்கலையின் ஆகச் சிறந்த பகுதி. சுற்றுலாக் கையேடுகள் கல்யாண மகாலைக் காட்டுகிற அளவுக்கு இதைக் காட்டுவதில்லை.

தற்காப்பு ராஜகிரியில் அடுக்கடுக்காக ஏறுகிறது. சுமார் 240 மீட்டர் உயரமுள்ள இம்மலையின் கிழக்கு அடிவாரத்தில் கீழ்க்கோட்டை இருக்கிறது. அதைக் கடந்து மேலேறுபவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வாயில்களைத் தாண்ட வேண்டும். வழி நேராகப் போவதில்லை. வாயிலுக்குள் நுழைந்ததும் திரும்பி, மறுபடி திரும்பி, இருபுறமும் மதில் சூழ்ந்த முற்றங்களைக் கடக்கிறது. யானையைக் கொண்டு கதவை முட்ட வருபவனுக்கு ஓடிவர இடமில்லை. உள்ளே புகுந்த படை மூன்று பக்கத்திலிருந்தும் துப்பாக்கிக்கு இலக்காகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. சுமார் 7 மீட்டர் அகலமும் 18 மீட்டர் ஆழமும் கொண்ட அந்தப் பிளவின் மீது அக்காலத்தில் மரப்பாலம் மட்டுமே இருந்தது. பாலத்தை விலக்கிவிட்டால் ஒரு சிலரே உச்சியைக் காத்துவிடலாம்.

உச்சியில் அரங்கநாதர் கோயிலும் களஞ்சியமும் காவல் கட்டடங்களும் உள்ளன. அங்கே படை தங்க முடிவதற்கு முதற்காரணம் தண்ணீர்: மலை மீது வற்றாத சுனைகள் இருக்கின்றன. அடிவாரத்தில் சக்கரகுளமும் செட்டிகுளமும் உள்ளன. அங்கிருந்து சுடுமண் குழாய்கள் வழியாகக் கீழ்க்கோட்டையின் மாளிகைப் பகுதிக்கு நீர் கொண்டுசெல்லப்பட்டது. எட்டு நிலைகளும் கூர்நுனிக் கூரையும் கொண்ட கல்யாண மகால், வளைவுக் கூரையுடைய பெரும் நெற்களஞ்சியங்கள், குதிரை லாயங்கள், வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் பள்ளிவாசல் ஆகியவை கீழ்த்தளத்தில் இருக்கின்றன. வேங்கடரமணர் கோயிலின் கற்றூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு எடுத்துச் சென்றனர். இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்களே.

யார் கட்டியது?

ஒரே பெயரைச் சொல்லி இக்கேள்விக்கு விடை தர முடியாது. கால வரிசை சுருக்கமாக இது:

1. 1200ஐ ஒட்டி ஆனந்தக் கோன் என்ற ஆயர் தலைவர் ராஜகிரியை, அதாவது அக்காலக் கமலகிரியை, அரணாக்கினார் என்றும், அவர் வழிவந்த கிருஷ்ணக் கோனின் பெயரே வடக்கு மலைக்கு நிலைத்தது என்றும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகள் கூறுகின்றன. இது பிற்காலத்தில் எழுதப்பட்ட மரபு வரலாறு. கல்வெட்டுச் சான்றுக்கு இணையாக அதைக் கொள்ள இயலாது.

2. 14ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இப்பகுதி விசயநகரத்தின் கீழ் வந்தது. மதுரை, தஞ்சை நாயக்கர்களைப் போலவே செஞ்சிக்கும் நாயக்கர்கள் அமர்ந்தனர். இன்று நாம் காணும் பெருமதில்களில், களஞ்சியங்களில், கோயில்களில் கணிசமானவை அவர்கள் காலத்தவை.

3. 1648–49இல் பிஜப்பூர் சுல்தானின் படை செஞ்சியைப் பிடித்தது.

4. 1677இல் சிவாஜி தமது கருநாடகப் படையெடுப்பின்போது அதைக் கைப்பற்றினார். அவர் கோட்டையைப் பிடித்ததோடு நிற்கவில்லை. புதிய மதில்கள் எழுப்பினார், அகழிகள் தோண்டினார், கொத்தளங்கள் அமைத்தார் என்று அக்கால இயேசு சபைப் பாதிரிமாரின் கடிதங்கள் தெரிவிக்கின்றன.

5. 1698இல் முகலாயர், பின்னர் ஆற்காட்டு நவாபு, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர், 1780இல் ஹைதர் அலி என்று அது கைமாறிக்கொண்டே போயிற்று.

மக்கள் நினைவு இந்த வரிசையில் எதையும் பொருட்படுத்தவில்லை என்பது வேடிக்கை. தெருக்கூத்தும் கதைப்பாடலும் ‘தேசிங்கு ராஜன் கோட்டை’ என்றே செஞ்சியை அறிந்து வைத்திருக்கின்றன. தேசிங்கு, அதாவது தேஜ் சிங், முகலாயர் அமர்த்திய சொரூப் சிங் என்ற புந்தேல ராஜபுத்திரரின் மகன். தந்தைக்குப் பின் ஓராண்டுகூட ஆளாமல், ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்குத் திறை கட்ட மறுத்து, 1714 அக்டோபரில் போர்க்களத்தில் இறந்தார். கோட்டையில் அவர் எழுப்பியது என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. யுனெஸ்கோவின் தலைப்பைக் குறை சொல்பவர்கள், கட்டியவர் பெயரால் கோட்டையை அழைக்கும் வழக்கம் நம்மிடமும் இருந்ததில்லை என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

தலைநகரான கோட்டை: 1689–1698

மராத்தியர் செஞ்சியைக் கையில் வைத்திருந்தது சுமார் 20 ஆண்டுகளே. அந்தக் குறுகிய காலத்துக்கு அவர்கள் வரலாற்றில் இவ்வளவு எடை ஏன் என்பதற்கு 1689ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு மார்ச்சில், சிவாஜியின் மூத்த மகனும் அவருக்குப் பின் அரசருமான சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். தலைநகர் ராய்கட் முகலாயரிடம் வீழ்ந்தது. சம்பாஜியின் மனைவியும் மகன் சாகுவும் சிறைப்பட்டனர். சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி, அவ்வாண்டின் இறுதியில் செஞ்சியை அடைந்தார். அங்கேயே அரசவையை அமைத்தார். ‘பிரதிநிதி’ என்ற உயர்பதவி உருவானதும் இங்கேதான். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் விலைக்கு வாங்கியது செஞ்சி மராத்தியரிடமிருந்துதான். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரையிலான ஊர்களும் கிரயத்தில் சேர்ந்தன. கடலூரைச் சுற்றியுள்ள அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் ஏற்பட்டது அதனால்தான்.

மகாராஷ்டிரக் கோட்டைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே ஓர் அரச பீடம் நிலைத்து நின்றது. பின்னால் ஓர் ஒதுங்கிடம் வேண்டும் என்று சிவாஜி 1677லேயே கருதியிருந்தார் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அவர் எண்ணம் எதுவாயினும் நடந்தது இதுதான். பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சி இருப்பதற்கான வலுவான காரணமும் இதுவே.

முற்றுகை ஏன் எட்டாண்டு நீடித்தது?

1690இல் முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் செஞ்சியின் முன் பாளையம் இறங்கினார். 1698இன் தொடக்கத்தில்தான் கோட்டை வீழ்ந்தது. அதற்குள் ராஜாராம் வேலூர் வழியாகத் தப்பிவிட்டார். இவ்வளவு காலம் நீடித்ததற்கான காரணங்களை இப்படி அடுக்கலாம்.

1. சுற்றி வளைக்க இயலாத அளவு. முற்றுகை என்றால் உள்ளே உணவும் ஆளும் போகாமல் அடைப்பது. 13 கிலோமீட்டர் மதிலுக்கு வெளியே, எதிர்த்தாக்குதலுக்கு எட்டாத தொலைவில் பாளையங்களை அமைத்தால் வளையம் அதைவிட நீளும். அத்தனையையும் இடைவெளியின்றி அடைக்கப் போதிய ஆட்கள் ஜுல்பிகார் கானிடம் இல்லை. ஏதோ ஒரு வாயில் பெரும்பாலும் திறந்தே இருந்தது.

2. ஒன்று போனாலும் மற்றது நிற்கும். மூன்று மலைகளும் தனித்தனிக் கோட்டைகள் என்பதால், ஒன்றைப் பிடித்தவன் மற்ற இரண்டின் எதிரில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

3. நீரும் தானியமும் உள்ளேயே. சுனைகள், குளங்கள், களஞ்சியங்கள் ஆகியவற்றைப் பற்றி மேலே பார்த்தோம். பசியாலும் தாகத்தாலும் பணிய வைக்கும் வழி இதனால் எளிதில் பலிக்கவில்லை.

4. வெளியே திரிந்த மராத்தியக் குதிரைப்படை. சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் முற்றுகையிட்ட படையையே 1692இன் இறுதியில் வந்து தாக்கினர். முகலாயர் முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினர். செஞ்சியில் மதிலைக் காத்தவர்களைப் போலவே மதிலுக்கு வெளியே நூறு கல் தொலைவில் திரிந்தவர்களும் கோட்டையைக் காத்தார்கள்.

5. முகலாயர் பாளையத்தின் உட்பூசல். ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ் ராஜாராமுடன் இரகசியமாகப் பேசினார் என்ற குற்றச்சாட்டில் அவரையே ஜுல்பிகார் கான் காவலில் வைக்க வேண்டியதாயிற்று. ஜுல்பிகார் கானே வேண்டுமென்று போரை நீட்டினார் என்ற ஐயமும் அக்காலத்தவர்க்கு இருந்தது.

இந்த ஐந்தில் கல்லும் மலையும் தந்தவை முதல் மூன்று மட்டுமே. கடைசி இரண்டும் மனிதர்களைப் பொறுத்தவை.

ஒரே இரவில் எப்படி வீழ்ந்தது?

1750 செப்டம்பரில் நிலைமை தலைகீழ். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எதிரெதிர் அணியில் நின்ற கருநாடகப் போர்களின் நடுவே, ஆங்கிலேயர் ஆதரித்த ஆற்காட்டு நவாபுப் போட்டியாளர் முகமது அலியின் படை செஞ்சிக்கு அருகே பிரெஞ்சுக்காரரிடம் தோற்றுச் சிதறியது. தோற்றோடியவர்களைப் பின்தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, இருட்டியதும் வெளிவாயிலை வெடிவைத்துத் தகர்த்துக் கீழ்க்கோட்டைக்குள் புகுந்தார். விடிவதற்குள் மூன்று மலைகளும் பிரெஞ்சுக்காரர் வசமாயின. பகலில் அந்த மலைகளை நிமிர்ந்து பார்த்தபோது, இவற்றை நாமா ஏறிப் பிடித்தோம் என்று வென்றவர்களே வியந்ததாக அக்கால ஆங்கில வரலாற்றாசிரியர் குறிப்பிடுகிறார்.

இதற்கு விளக்கம் திருக்குறளின் அரண் அதிகாரத்தில் முன்பே இருக்கிறது. அரண் என்பது ‘சிறுகாப்பின் பேரிடத்த தாகி’ இருக்க வேண்டும் என்கிறது 744ஆம் குறள். காக்க வேண்டிய இடம் சிறியதாகவும், உள்ளிடம் பெரியதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ராஜகிரியின் உச்சி இந்த இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிறது: காக்க ஒரு பிளவும் ஒரு பாலமும், உள்ளே சுனை, களஞ்சியம், கோயில். வெளிமதிலோ அதற்கு நேர் எதிரானது. அதன் உள்ளிடமும் பெரிது, காப்பும் பெரிது. ஆயிரக்கணக்கான வீரர்கள் மதில்மேல் நின்றால்தான் அது மதில். இல்லையென்றால் வெறும் நீளமான கற்சுவர்.

1690இல் செஞ்சிக்குள் ஓர் அரசும் அதன் படையும் இருந்தன. 1750இல் இருந்தவர்களோ தோல்விக் கலக்கத்தில் ஒதுங்கியவர்கள். இருட்டில் எந்த வாயிலுக்கு எத்தனை பேரை அனுப்புவது என்று கட்டளையிடும் ஒழுங்கு அவர்களிடம் இருந்திருந்தால், புஸ்ஸியின் சிறுபடை கீழ்க்கோட்டையின் தெருக்களைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை என்றே நான் கருதுகிறேன். மதிலின் நீளம் காவலர் மிகுந்திருந்தபோது முற்றுகையிட்டவனைச் சலிப்படையச் செய்தது. காவலர் குன்றியபோது அதே நீளம் உள்ளிருந்தவரைக் காட்டிக்கொடுத்தது.

1761இல் ஆங்கிலேயரிடம் நடந்ததும் இதையே உறுதிசெய்கிறது. அவ்வாண்டு ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. வெளியிலிருந்து உதவி வரும் வழி அடைபட்டதும், செஞ்சியின் பிரெஞ்சுக் காவற்படை ஏப்ரலில் சரணடைந்தது.

இனி மாறுவது என்ன?

கோட்டையின் உடைமையும் நிர்வாகமும் மாறவில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. உலக மரபுத் தகுதி கிடைத்ததால் பராமரிப்புச் செலவை யுனெஸ்கோ ஏற்கும் என்ற எதிர்பார்ப்பும் தவறு. அச்செலவு இந்திய அரசுடையதே. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுமானத் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தத்தால் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளவை.

புதியவை இரண்டு. ஒன்று, சொத்தைச் சூழ்ந்த காப்பு வளையத்தையும் மேலாண்மைத் திட்டத்தையும் உலக மரபுக் குழுவிடம் உறுதியளித்தபடி கடைப்பிடிக்க வேண்டும். குறிப்பிட்ட கால இடைவெளியில் நிலவர அறிக்கையும் தர வேண்டும். மற்றொன்று, பதிவு ‘நிலவமைப்பு’ என்ற பெயரில் இருப்பதால், கல்யாண மகாலையும் கோயிலையும் பள்ளிவாசலையும் பழுதுபார்ப்பதோடு கடமை முடிந்துவிடாது. மூன்று மலைகளுக்கு இடைப்பட்ட வெளி, அகழியின் தடம், குளங்களின் நீர்வரத்து, ஒரு மலையிலிருந்து மற்றொன்று கண்ணுக்குத் தெரியும் கோடு ஆகிய அனைத்தும் இனிப் பாதுகாக்கப்பட வேண்டிய பொருள்களே. திருவண்ணாமலைச் சாலை இந்த வெளியை ஊடறுத்தே செல்கிறது என்பதால், சாலை விரிவாக்கம், ஓரக் கடைகள், வாகன நிறுத்தம் பற்றிய ஒவ்வொரு முடிவும் இக்கேள்வியைச் சந்தித்தாக வேண்டும்.

தொலைவிலுள்ள மதில்களின் கல்லிடுக்குகளில் ஆலும் அரசும் வேரூன்றினால், நடுவேயுள்ள மண் மழையில் கரைந்து முகக்கல் சரியும். கிருஷ்ணகிரிக்கும் சந்திரகிரிக்கும் ஏறுபவர்கள் குறைவு என்பதால் அங்கே சரிவது உடனே கண்ணில் படுவதுமில்லை. மேலாண்மைத் திட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது, இந்தச் சுற்றளவு முழுவதையும் ஆண்டுதோறும் நடந்து பார்த்துக் குறிப்பெடுக்க எத்தனை பணியாளர்கள் ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதைத்தான்.